வாடாத பூ சாமிக்கு ஆகாது

எங்கள் வீட்டில் இரண்டு வகைப் பூ இருக்கிறது. ஒன்றுக்கு ஈரம் இல்லாவிட்டால் ஆகாது. இன்னொன்றுக்கு ஈரம் பட்டாலே ஆகாது.

பத்துமலைக் கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் ஓர் அடுக்குமாடி வீடு. முன்கூடம் அம்மாவுடையது. கோயில் பக்கத்துப் பூக்கடை ஒன்றுக்கு இருபத்தைந்து வருஷமாகப் பூக்கட்டித் தந்தவர். இந்தியாவிலிருந்து விமானத்தில் வரும் மல்லி, கேமரன் மலையிலிருந்து லாரியில் இறங்கும் செவ்வந்தி எல்லாம் ஐஸ் பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டு, தரையில் விரித்த ஈரச்சாக்கின் மேல் கிடக்கும். பின்னறை என்னுடையது. அங்கே நான் சீனியில் பூ செய்கிறேன். கல்யாணக் கேக்கின் மேல் வைக்கிற பூ. அறைக்குள் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று இரவு பகலாக ஓடும். காலையில் அதன் தொட்டியைக் கவிழ்த்தால் இரண்டு லிட்டர் தண்ணீராவது இருக்கும். அம்மா அதை வீணாக்கியதே இல்லை. தன் சாக்கை நனைக்க எடுத்துக்கொள்வார்.

"கதவ சாத்துங்கம்மா, உங்க பூவோட ஈரம் என் பூவுக்கு ஆகல."

"உன் மெஷினோட அனல் என் பூவுக்கு ஆகல. நீ சாத்து."

நான் முதன்முதலாக ஒரு ரோஜாவை ஒழுங்காகச் செய்து முடித்த அன்று, அதைக் கொண்டுபோய் முருகன் படத்துக்கு முன்னால் வைக்கப் போனேன். அம்மா கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வாடாத பூ சாமிக்கு ஆகாது."

"ஏம்மா?"

"காலைல போட்டு சாயங்காலம் எடுக்கறோம்ல, அதுக்குப் பேர்தான் பூஜ. இத எப்ப எடுக்கறது?"

என்னிடம் பதில் இல்லை. ரோஜாவைக் கண்ணாடி அலமாரியில், என் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

*

இந்த வேலைக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கோயில் கதவு சாத்தப்பட்டது, பூக்கடைக்கும் பூட்டு. கொஞ்ச நாளில் என் அலுவலகத்திலும் ஆள் குறைத்தார்கள். கையில் ஒரு அவன் இருந்தது. அந்த வருஷம் மலேசியாவில் பாதிப் பேர் வீட்டில் கேக் செய்தார்கள், மீதிப் பேர் அதை வாங்கினார்கள். நானும் செய்தேன். மற்றவர்கள் கேக்கிலிருந்து என் கேக் வேறுபட வேண்டுமே என்று பூவுக்கு வந்தேன்.

ஆணை தளர்ந்த பிறகு கிள்ளானிலிருந்து ஒரு சடங்குக்கு ஆர்டர் வந்தது. பெண்ணின் அம்மா ஒரு படத்தை அனுப்பியிருந்தார். 2018இல் நடந்த இளவரசர் ஹேரி - மேகன் கல்யாணக் கேக். அதன் மேல் இருந்தவை உண்மையான பூக்கள். "அதே மாரி நெசப் பூ வேணும் மா, உங்க வீட்லதான் பூ இருக்குல்ல."

இருந்தது. அம்மா உற்சாகமாகிவிட்டார். எனக்காகத் தனியாக ஒரு கூடை ஒதுக்கி வைத்தார். செவ்வந்தி, சம்பங்கி, ரோஜா, நடுவில் கொத்தாகச் செவ்வரளி. சாமி மாலைக்கு வாங்கியதில் மிஞ்சியது. பார்க்க அத்தனை அழகு. அரளியின் இலை, பூ, காம்பு, பால் எல்லாமே விஷம். இதயத்தைத் தாக்கும் விஷம். மாலையில் தொங்கும்போது யாருக்கும் தொந்தரவு இல்லை, பதினைந்து பிள்ளைகள் விரல் விட்டு நக்கப்போகும் கிரீமில் அதைச் செருக முடியாது. மற்ற பூக்களும் தின்பதற்காக வளர்க்கப்பட்டவை அல்ல, மருந்து அடித்தவை. சொன்னேன். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"சாமி கழுத்துல போடறோம். உன் கேக்குக்கு ஆகாதா?"

"சாமி திங்கறதில்லையேம்மா."

அன்று சீனி ரோஜாக்களைத்தான் எடுத்துப் போனேன். வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். நான்கு மணிக்கு மழை. கோலாலம்பூர் வட்டாரத்தின் காற்றில் வருஷம் முழுக்க ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கும், மழைக்குப் பிறகு கேட்கவே வேண்டாம். சீனி காற்றிலிருக்கும் தண்ணீரைத் தானாக இழுத்துக்கொள்ளும். என் கண் முன்னால் இதழ்கள் ஒவ்வொன்றாகத் தலை கவிழ்ந்தன. யாரோ ஒரு பாட்டி, "பாவம், பூவு வாடிப்போச்சு" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இன்றுவரை கிடைத்ததில்லை. அன்று அழுகைதான் வந்தது.

*

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

நான்கு முட்டையின் வெள்ளைக்கரு, ஏறக்குறைய 900 கிராம் ஐசிங் சீனி, 12 தேக்கரண்டி டைலோஸ் தூள், நான்கு தேக்கரண்டி வெள்ளைக் கொழுப்பு. பெரும்பாலோர் பின்பற்றும் அளவு இதுதான். தைப்பூச விரத நாட்களில் வீட்டுக்குள் முட்டை வராது என்பதால் அப்போது தண்ணீரும் குளுக்கோஸ் பாகும் வைத்துச் சமாளிப்பேன். டைலோஸ் என்பது தாவர நாரிலிருந்து எடுக்கும் பசைத்தூள். அது சேர்ந்தால்தான் சீனி மாவு ரப்பர் போல இழுபடும், தாள் போல மெலியும், காய்ந்தால் பீங்கான் போல விறைக்கும். மாவை ஒரு நாள் மூடி ஊற வைக்க வேண்டும். பிறகு வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து, அச்சால் வெட்டி, பஞ்சுப் பலகையில் வைத்து, உருண்டை முனையுள்ள கோலால் ஓரத்தை மட்டும் நீவினால் இதழ் அலை அலையாகச் சுருளும். அதை மெல்லிய கம்பியில் கோத்துக் காய வைப்பேன். கம்பிக்கு எண் உண்டு. எண் கூடக் கூடக் கம்பி மெலியும். பெரிய இதழுக்கு 26, சிறியதற்கு 28. எல்லாமே வெள்ளைத் தாள் சுற்றியவை. கடைசியில் வண்ணத்தூளைத் தூரிகையால் தடவி, கெண்டியின் ஆவியில் ஒரு நொடி காட்டினால் நிறம் பிடித்துக்கொள்ளும். ஒரு நொடிக்கு மேல் காட்டினால் எல்லாம் போச்சு.

குளிர்பெட்டியில் வைக்கவே கூடாது. வெளியே எடுத்ததும் வேர்த்துவிடும். அம்மாவின் மல்லிக்கு எது உயிரோ அது என் மல்லிக்கு எமன்.

இத்தனையும் செய்து முடித்தால், யாரும் அதைத் தின்பதில்லை. சாப்பிடக்கூடிய பூ என்றுதான் விற்கிறேன். கம்பியை உருவிவிட்டால் சாப்பிடலாம்தான். மண்டபத்தில் கேக் வெட்டும் முன் யாராவது பூவைப் பத்திரமாக எடுத்து வைத்துவிடுவார்கள். பிறகு அது டிவி அலமாரிக்குப் போகும். தின்பதற்குச் செய்த பூவைத் தின்னாமல் வைப்பதும், வாடப்போகிற பூவை வாங்கிச் சாமிக்குப் போடுவதும் அதே ஜனங்கள்தான்.

*

ஒரு காலத்தில் சீனிப்பூவைத் தின்னாமல் பார்ப்பதே விருந்தின் பெருமையாக இருந்தது. 11ஆம் நூற்றாண்டில் கெய்ரோவுக்குப் போன பாரசீகப் பயணி நாசிர் குஸ்ரோ, அரண்மனை விருந்தில் முழுக்கச் சீனியால் செய்த ஓர் ஆரஞ்சு மரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். பிற்கால ஐரோப்பிய அரச விருந்துகளிலும் சீனிச் சிற்பங்கள் இருந்தன. சீனி அப்போது செல்வந்தர் பொருள். 2011இல் இளவரசர் வில்லியம் - கேட் கல்யாணக் கேக்கில் ஃபியோனா கேர்ன்ஸ் குழுவினர் ஏறக்குறைய 900 சீனிப்பூக்களை வைத்தார்கள். இணையத்தில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் நான் பாதித் தொழிலைக் கற்றேன்.

அந்தச் சீனியை மலிவாக்கியவர்களில் நம் ஆட்களும் உண்டு. நம்மிடம் யாராவது தோட்டம் என்றால் ரப்பர்தான் நினைவுக்கு வரும். அதற்கு முன்னால் கரும்பு இருந்தது. 19ஆம் நூற்றாண்டில், இன்றைய செபராங் பிறையில் ஐரோப்பியர் நடத்திய கரும்புத் தோட்டங்களுக்கு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றி ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்தார்கள். ரப்பர் வந்து கரும்பை விழுங்கியது. 1910இல் மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலிமுறையும் முடிந்தது. எங்கள் குடும்பம் ரப்பர் காலத்தில் வந்தது என்று அம்மா சொல்வார். ஆனாலும் ஐசிங் சீனியைச் சலிக்கும்போது, அந்த வெள்ளைப் புகைக்குள் கரும்பு வெட்டிய யாரோ ஒருவரை நான் நினைத்துக்கொள்வதுண்டு.

தமிழ்நாட்டு நண்பர்களிடம் பேசும்போது ஒரு குழப்பம் வரும். அவர்களுக்குச் சர்க்கரை என்றால் டீயில் போடுவதும் அதுதான், நோயும் அதுதான். நாம் இங்கே போடுவதைச் சீனி என்கிறோம், நோயை இனிப்புநீர் என்கிறோம். பெயரைப் பிரித்துவிட்டோம், இரண்டையும் பிரிக்க முடியவில்லை. 2019இல் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில் 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். ஐந்தில் ஒருவர் என்றே சொல்லலாம். இனவாரியாகப் பார்த்தால் நம்மிடம்தான் அதிகம். அதே 2019 ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி போட்டார்கள். ஒரு கிலோ சீனி மட்டும் கட்டுப்பாட்டு விலையில் 2 வெள்ளி 85 காசுக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தது. என் தொழிலுக்கு அது வசதி.

சீனி தின்றதால் மட்டும் இந்த நோய் வருவதில்லை, பரம்பரை, உடல் எடை, சோறு, உட்கார்ந்தே செய்யும் வேலை எல்லாம் சேர்கிறது என்று கிளினிக்கில் விளக்கினார்கள். அம்மாவுக்கு நாற்பத்தாறு வயதிலேயே வந்துவிட்டது. நான் கேக் செய்யத் தொடங்குவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே. இந்தக் கணக்கை நான் எனக்குள் பல தடவை போட்டுப் பார்த்திருக்கிறேன்.

*

இனி எழுதப்போவதை யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முந்திய தீபாவளிக்கு முதல் வாரம். அம்மாவுக்கு மாலை வேலை, எனக்கு மூன்று கேக். ஒரு காலையில் கூடத்துத் தரையில் பழுப்பாக ஒரு கறையைப் பார்த்தேன். அடுத்த ஓட்டில் இன்னொன்று. கறைகளைத் தொடர்ந்து போனால் அம்மாவின் பாய் வந்தது. வலது பாதத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே வீங்கிக் கறுத்திருந்தது. எத்தனை நாளாக என்று தெரியவில்லை. அவருக்கு வலிக்கவே இல்லை. இனிப்புநீர் நெடுநாள் இருந்தால் நரம்பு முதலில் செத்துப்போவது பாதத்தில்தான்.

மருத்துவர் வெட்டி எடுத்து ஒரு தட்டில் போட்டார். ஒன்றரை சென்டிமீட்டர்க் கம்பி. ரத்தத்தில் ஊறிய தாள் பாதி உரிந்து, பாதி வெள்ளையாக இருந்தது.

"இது என்ன கம்பி மா?" என்று மருத்துவர் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னார்: "கடைக் கம்பி டாக்டர். மால கட்டறது."

கடைக் கம்பி தடிமனாக இருக்கும். பச்சை சுற்றியிருக்கும், இல்லையென்றால் ஒன்றும் சுற்றியிருக்காது. இது எண் 28. இதழ் கோத்துவிட்டு நறுக்கிப் போடும் துண்டு. என் அறையிலிருந்து, என் செருப்பிலோ துடைப்பத்திலோ ஒட்டிக் கூடத்துக்கு வந்திருக்க வேண்டும். நான் தலையாட்டினேன். இரண்டு வாரத்தில் அந்தச் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு கம்பியை எண்ணி எடுக்கிறேன், எண்ணி வைக்கிறேன். நறுக்கிய துண்டுகளுக்கு மூடி போட்ட டப்பா. வேலை முடிந்ததும் தரை முழுக்கக் காந்தத்தால் தடவுகிறேன். அம்மாவுக்கு வீட்டுக்குள்ளும் செருப்பு. பூவைத் தொடும் இடத்தில் செருப்பா என்று முதலில் சண்டை போட்டார், பிறகு போட்டுக்கொண்டார். நாங்கள் இருவரும் கம்பியைப் பற்றிப் பேசவில்லை.

மரத்துப்போவது கால் விரலோடு நிற்கவில்லை. மெல்ல மெல்ல கைவிரல் நுனிக்கும் வந்தது. பூக்கட்டுவது கண் செய்யும் வேலை இல்லை. நூலின் இறுக்கம் விரலுக்குத் தெரிய வேண்டும். கூடினால் காம்பு அறுந்துவிடும், குறைந்தால் சரம் உருவிக்கொண்டு போகும். அம்மா கட்டிய சரத்தைக் கடையில் தூக்கியபோது நடுவிலிருந்து மல்லி உதிர்ந்ததாம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து கல்லாவில் உட்காரச் சொன்னார்கள்.

*

போன வருஷம் பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில் ஒரு கல்யாண விருந்து. மூன்றடுக்குக் கேக். மணப்பெண் கேட்டது ரோஜா இல்லை. ஒவ்வோர் அடுக்கையும் சுற்றி மல்லிச்சரம். "தலையில வெப்போம்ல, அப்படியே இருக்கணும் கா." கணக்குப் போட்டால் முந்நூறுக்கு மேல் பூ. நான் ஒரு வாரமாக மாதிரி செய்து பார்த்தேன். விரிந்த இதழ், நடுவில் லேசான மஞ்சள். எனக்குப் பிடித்திருந்தது. அம்மாவிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"இது நேத்துப் பூ."

"என்னம்மா?"

"விரிஞ்சத எவ கட்டுவா? மொட்டாத்தான் கட்டணும். பொண்ணு தலையில ஏறறப்ப மொட்டு. தாலி கட்டறப்ப பாதி விரியணும். வீட்டுக்குப் போறப்பதான் முழுசா விரியும். நீ பண்ணி வெச்சிருக்கறது கல்யாணம் முடிஞ்சு கூட்டித் தள்ற பூ."

அம்மாவின் பூவை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். சீனியில் செய்யும்போது மட்டும் இணையத்துப் படத்தைப் பார்த்துச் செய்திருக்கிறேன்.

அன்று இரவு அம்மா பின்னறைக்குள் வந்தார். கதவைத் தானே சாத்தினார். கையில் சோளமாவைத் தடவிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கொழுக்கட்டைக்கு உருட்டுவது போல மிளகளவு மாவை எடுத்து உருட்டி, ஒரு முனையை நீட்டி, மறுமுனையைக் கட்டைவிரலால் லேசாகத் திருகினார். மொட்டு. வெள்ளையில் அந்தத் திருகல் விழும் இடம், காம்புக்கும் பூவுக்கும் நடுவே வரும் சின்ன வளைவு, எந்த அச்சாலும் வராது. நூலின் இறுக்கம் தெரியாத விரல்கள்தான். ஆனால் மாவு பொறுத்துக்கொண்டது. கொஞ்சம் அழுந்தினாலும் அறுந்து போகவில்லை.

மொட்டுக்குக் கம்பி வேண்டாம் என்று நான் முன்பே முடிவு செய்திருந்தேன். டைலோஸைத் தண்ணீரில் கரைத்தால் வரும் பசையில் கேக்கைச் சுற்றி நேராக ஒட்டிவிடலாம். அம்மா உருட்ட உருட்ட, நான் காம்புக்கு வெளிர்பச்சை தடவினேன். நூறு தாண்டியிருக்கும்.

"அம்மா, அந்தக் கம்பி…"

"தெரியும்."

இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"இருபத்தஞ்சு வருஷமா கம்பி புடிக்கறேன், எந்தக் கம்பினு தெரியாதா? அந்த வரிசைல மூணாவத பாரு, ரொம்பக் கோணலா இருக்கு, தனியா எடுத்து வை."

எடுத்து வைத்தேன். கொஞ்ச நேரம் எனக்குத் தூரிகை நிலைக்கவில்லை.

ஒரு மணிக்கு முந்நூற்று நாற்பது மொட்டுகள் முடிந்தன. அம்மா கைகளைத் தட்டினார். விரல் நுனியில் சீனி வெள்ளையாக ஒட்டியிருந்தது. கை தன்போக்கில் வாய்ப்பக்கம் போனது. பாதியில் நின்றது. புடவை முந்தானையில் துடைத்துக்கொண்டார். நான் டப்பாவை மூடுவது போலக் குனிந்துகொண்டேன்.

"முழக் கணக்குல குடுப்பியா, மணிக் கணக்குலயா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போனார். மணிக் கணக்கில் கொடுத்தேன். இப்போது மல்லி ஆர்டர் வந்தால் அவர்தான் மொட்டு உருட்டுகிறார், கூலி பேசித்தான் உட்காருகிறார்.

மண்டபத்தில் மொட்டு எதுவும் விரியவில்லை, வாடவும் இல்லை. பெண்ணின் பாட்டி மட்டும் கிட்டே வந்து மூக்கை வைத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "வாசமே இல்லையே" என்றார். அதற்கு இன்னும் என்னிடம் வழியில்லை.

மறுநாள் காலை எழுந்து வந்தபோது, நான் தனியாக எடுத்து வைத்த கோணல் மொட்டு முருகன் படத்துக்கு முன்னால், உண்மை மல்லிக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. வேலை முடிந்து சாயங்காலம் பார்த்தேன். உண்மை மல்லி பழுத்துச் சுருங்கிக் கிடந்தது. சீனி மொட்டைச் சுற்றிச் சுவர் விரிசலிலிருந்து ஓர் எறும்பு வரிசை. திருகிய முனை பாதி காணாமல் போயிருந்தது.

"அம்மா, எறும்பு!"

சமையலறையிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"வந்துருச்சா? சரி, இருக்கட்டும். தின்னு முடிச்சோன தட்ட எடுத்துக் கழுவு."